ரேடியோவுக்குப் பொட்டு வைத்த அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை பரண் சுத்தம் செய்தோம். கைப்பிடி போன குக்கர், பித்தளைக் குண்டான், யாரும் படிக்காத மூன்று வருஷப் பஞ்சாங்கம், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் டிரான்சிஸ்டர். மேலே ஏறி எடுத்துக் கொடுத்தவன் தங்கச்சி பையன். பி.காம். இரண்டாம் வருஷம்.

தூசியைத் தட்டியவன், "இதென்னங்க மாமா, கண்ணாடி மேல பொட்டு ஒட்டியிருக்குது?" என்றான்.

ஸ்டேஷன் எண்கள் போட்ட கண்ணாடியில், எஸ்.டபிள்யூ. என்ற வரிசையின் மேல், கடுகளவு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. நிறம் வெளுத்துப்போயும் இன்னும் விழாமல் இருந்தது.

"அது பி.பி.சி. தமிழோசை வந்த இடம்டா. லண்டன்ல இருந்து பேசுவாங்க."

"லண்டன்ல இருந்து தமிழ்லயா? அதுக்குக் காசு யாருங்க குடுத்தாங்க?"

"அவங்க கவர்மெண்ட்டுதான்."

"நமக்கு நியூஸ் சொல்றதுக்கு அவங்க கவர்மெண்ட் எதுக்குங்க மாமா செலவு பண்ணுது? அவங்களுக்கு என்ன லாபம்?"

பி.காம். படிக்கிறவன் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அன்றைக்கு கை நிறையத் தூசி, வாய் நிறையத் தும்மல். ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்த வாரம் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

வானத்தில் பட்டுத் திரும்பும் குரல்

என் அப்பாவுக்கு போத்தனூர் ரயில்வே சிக்னல் வொர்க்‌ஷாப்பில் வேலை. கம்பியும் காந்தமுமாகவே வாழ்ந்த மனுஷர். வீட்டில் கோயமுத்தூரிலேயே தயாரான ஒரு யு.எம்.எஸ். ரேடியோ இருந்தது. ஜி.டி. நாயுடு தொடங்கிவைத்த பெயர் அது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-லேயே அவர் சொன்னதை அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

பகலில் கோவை வானொலி. அது மத்திய அலை, 999 கிலோ ஹெர்ட்ஸ். ராத்திரி ஆனால் அப்பா பட்டனை எஸ்.டபிள்யூ.க்குத் திருப்புவார். சிற்றலை. மொட்டை மாடியில் மூங்கில் கழியோடு கழியாக ஏரியல் கம்பி கட்டியிருப்பார். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் காற்று அடிக்கும்போது கம்பி ஆடும், கூடவே லண்டனும் ஆடும்.

சிற்றலையின் சூட்சுமம் எளிமையானது. எஃப்.எம். அலை நேராகப் போகும். மலையோ பூமியின் வளைவோ குறுக்கே வந்தால் அத்தோடு சரி, சில பத்து கிலோமீட்டர்தான். சிற்றலை அப்படியல்ல. மேலே ஏறி, பூமிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நிலத்தில் பட்டு மறுபடி மேலே போகும். கேரம் போர்டில் காய் ஓரத்தில் பட்டுத் திரும்புகிற மாதிரி. இப்படியே ஆயிரக்கணக்கான மைல் போய்விடும். நடுவில் எந்த நாட்டிலும் டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். குரல் அலை அலையாக எழுந்து அமுங்குவது அதனால்தான். வானம் ஒரே மாதிரி நிற்பதில்லையே.

அதற்கான டிரான்ஸ்மிட்டர்கள் பெரியவை. கரண்ட் பில்லும் பெரியது. கேட்கிறவரிடம் காசு வசூலிக்கவும் வழியில்லை. அதனால் இந்தத் தொழிலில் பெரும்பாலும் அரசாங்கங்கள்தான் இறங்கின. சில மத அமைப்புகளும் உண்டு. மணிலாவிலிருந்து தமிழ் பேசிய வேரித்தாஸ் வானொலி கத்தோலிக்கத் திருச்சபையுடையது.

ஓசிச் சாப்பாடு கிடையாது

மருமகன் கேட்ட லாபக் கணக்குக்கு வருகிறேன். எந்த அரசாங்கமும் நம் மேல் பிரியப்பட்டு நமக்குத் தமிழில் பேசவில்லை. தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கியது 1941 மே 3. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் படையில் நம் ஆட்கள் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஜெர்மனியிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி 1942-ல் தமிழிலும் செய்தி சொன்னது. நம் ஆல் இண்டியா ரேடியோவின் வெளிநாட்டு ஒலிபரப்பே, 1939 அக்டோபர் 1-ல், ஜெர்மன் பிரசாரத்துக்குப் பதில் சொல்லத்தான் பஷ்டு மொழியில் ஆரம்பமானது.

பீக்கிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு தொடங்கியது 1963 ஆகஸ்ட் 1. இந்திய சீனப் போர் முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை! அங்கே சீனர்களே தமிழ் படித்து, கலைமகள், கலையரசி என்று பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு ஊருக்கு ஊர் நேயர் மன்றங்கள் இருந்தன. மாஸ்கோவும் தமிழில் பேசியது.

இலங்கை வானொலி கதையே வேறு. அதுவும் அரசு வானொலிதான், ஆனால் விளம்பரம் வாங்கியது. 1952-ல் நம் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட, ஊரெல்லாம் முள்ளை இலங்கைக்குத் திருப்பியது. 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை விட்டு யாரும் நகரவில்லை.

ஆக, ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் விடாமல் கேட்டார். "ஒருத்தன் சொல்றதைக் கேட்டா அவன் சொல்றதுதான் தெரியும். மூணு பேர் சொல்றதைக் கேட்டா, யார் எதை விட்டுட்டான்னு தெரியும்" என்பார். சந்தையில் மஞ்சள் விலை விசாரிக்கிற மாதிரிதான் செய்தியையும் விசாரித்தார்.

1984 அக்டோபர் 31 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். காலையில் பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் வந்திருந்தது. ஆகாசவாணி மரணத்தை அறிவித்தது சாயங்காலம் ஆறு மணி வாக்கில்தான். பி.பி.சி. அதற்குப் பல மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த மகன் ராஜீவ் காந்தியே பி.பி.சி. வழியாகத்தான் செய்தியை உறுதி செய்துகொண்டார் என்பார்கள். நாட்டின் அடுத்த பிரதமருக்கே தன் வீட்டுத் துக்கம் வெளிநாட்டு வானொலியில் தெரியவேண்டியிருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த அப்பா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்காவின் ஒன்பதே கால்

இப்போது பொட்டுக்கு வருகிறேன். இந்த டிரான்சிஸ்டர் எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டு அக்காவுடையது.

அக்கா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்களே, அதில் ஒரு குடும்பம். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, ரயிலில் இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். நீலகிரியிலும் கோவையிலும் இப்படி வந்தவர்கள் நிறையப் பேர். நம் ஊர்களில் ரெப்கோ பேங்க் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அப்படி வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1969-ல் உண்டான வங்கி அது. ஆங்கிலத்தில் தாயகம் திரும்பியவர்கள் என்பதற்கான சொல்தான் அந்த 'ரெப்'.

அக்காவின் அண்ணன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போய், கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி நிலம் திருத்திக் குடியேறினார். மலையகத்துக்காரர்கள் பலர் அப்படிப் போனார்கள். கடிதம் வரும், சில வருஷம் வராது, மறுபடி வரும்.

2008 கடைசியில் அதுவும் நின்றது. போர் வன்னிக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா இந்த டிரான்சிஸ்டரை வாங்கினார். எங்கள் அப்பாதான் தமிழோசையைப் பிடித்துக் கொடுத்தார். ராத்திரி ஒன்பதே கால், அரை மணி நேரம். அக்காவுக்கு மெகா ஹெர்ட்ஸ் எல்லாம் தெரியாது. முள் நின்ற இடத்தில் தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டார். பி.பி.சி. வருஷத்துக்கு இரண்டு தடவை, வானம் மாறுவதற்கு ஏற்ப, அலைவரிசையை மாற்றும். அப்பா புது இடத்தைத் தேடிக் கொடுப்பார். அக்கா பழைய பொட்டை உரித்து, புதுசு ஒன்று ஒட்டுவார்.

ஒன்பது மணிக்கெல்லாம் மில்லிலிருந்து வந்து, குளித்து, சமையல்கட்டு விளக்கை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். நாங்களும் போய் உட்காருவோம். 2009 ஜனவரி 2, கிளிநொச்சி விழுந்தது. ஜனவரி 25, முல்லைத்தீவு நகரம். அப்புறம் புதுக்குடியிருப்பு. ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் முள்ளிவாய்க்கால் என்ற ஒரு பெயர்தான் மிச்சம். சுதந்திரமான நிருபர்கள் யாரும் உள்ளே போக முடியாத காலம். அரசுத் தரப்பு ஒன்று சொல்லும். உள்ளே இருந்த டாக்டர்கள் தொலைபேசியில் வேறொன்று சொல்வார்கள். தமிழோசை இரண்டையும் போடும்.

"அண்ணன் பேரையா சொல்லப்போறாங்க, எதுக்கக்கா தினமும் கேட்டு அழறீங்க?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"பேர் சொல்ல மாட்டாங்க தம்பி. ஊர்ப் பேரு சொல்லுவாங்க. அது போதும். இன்னிக்கு எந்தப் பக்கம் நடந்து போயிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அதே பி.பி.சி. தமிழ்ச் செய்தி இலங்கைக்குள் இன்னொரு வழியிலும் போய்க்கொண்டிருந்தது. இலங்கை அரசு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அதை வாங்கி எஃப்.எம்.மில் மறு ஒலிபரப்பு செய்தது. சத்தம் சுத்தமாகக் கேட்கும், கரகரப்பே இருக்காது. ஆனால் செய்திகளில் வேண்டுமென்றே குறுக்கிடுகிறார்கள், சில பகுதிகள் வெளியே போவதில்லை என்று குற்றம் சாட்டி, 2009 பிப்ரவரியில் பி.பி.சி.யே அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. மீண்டும் தொடங்கி, 2013 மார்ச்சில் அதே காரணத்துக்காக மீண்டும் நிறுத்தியது.

போர் உச்சத்தில் இருந்தபோது, சுத்தமான சத்தம் நின்றுபோனது. கரகரத்த சிற்றலை நிற்கவில்லை. வானத்தில் பட்டுத் திரும்புகிற குரலுக்கு நடுவில் ஸ்விட்ச் கிடையாது. மருமகனுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான். அவர்கள் காரியத்துக்காகத்தான் அவர்கள் பேசினார்கள். ஆனால் நம் காரியத்துக்கு அது தேவைப்பட்ட ராத்திரிகள் இருந்தன.

மே மாதம் போர் முடிந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள், வவுனியா பக்கம் மெனிக் பாம் முகாமிலிருந்து யாரோ ஒருவர் போன் செய்தார். அண்ணியும் ஒரு பெண்ணும் முகாமில் இருப்பதாகத் தகவல். அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. அக்கா அதன் பிறகும் ஒன்பதே காலுக்கு உட்காருவதை விடவில்லை.

செல்போன்தான் இருக்கே?

2017 ஏப்ரல் 30-ம் தேதி தமிழோசை சிற்றலையில் கடைசியாகப் பேசியது. 76 வருஷம் முடிந்தது. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லோரும் இணையத்துக்கும் டி.வி.க்கும் போய்விட்டார்கள் என்பது காரணம். பொய்யில்லை. நானும் அப்போது ரேடியோவைத் தொட்டு மாதக்கணக்காகியிருந்தது. ஆஸ்திரேலிய வானொலி அதே வருஷம் ஜனவரியில் சிற்றலையை நிறுத்திவிட்டது. நம் ஆகாசவாணியும், இலங்கைக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் தமிழில் பேசிய அதே ஆகாசவாணிதான், சிற்றலை ஒலிபரப்பை வெகுவாகச் சுருக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் ஓர் உத்தரவு, 1942-லிருந்து பேசிக்கொண்டிருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை ஒரே நாளில் மௌனமாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"செல்போன்ல உலகமே இருக்குதுங்களே மாமா" என்பான் மருமகன். இருக்கிறது. நீங்களும் இதை செல்போனில்தானே படிக்கிறீர்கள்? நானும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு டவர் வேண்டும், சார்ஜ் வேண்டும், யாரும் அணைக்காமல் இருக்கவேண்டும்.

2019 ஆகஸ்ட் 5-ல் காஷ்மீரில் போனும் இணையமும் நின்றபோது, பி.பி.சி. அந்த மாதமே சிற்றலையில் இந்தி நேரத்தைக் கூட்டி, உருதுவில் தினசரிச் செய்தி தொடங்கியது. அடுத்த ஆறு மாதத்துக்குள், 2020 ஜனவரி 31-ல், இந்தி சிற்றலையையே நிறுத்தியும் விட்டது. 2022 மார்ச்சில் உக்ரைனில் டி.வி. கோபுரங்கள் மேல் குண்டு விழுந்தபோது, தினம் நான்கு மணி நேரம் சிற்றலையை மறுபடி எழுப்பியது. ஆபத்து வரும்போதெல்லாம் தேடுகிறார்கள், போனதும் மூடிவிடுகிறார்கள். தீயணைப்பு வண்டியை, போன வருஷம் தீப்பிடிக்கவில்லை என்று விற்றுவிடுவோமா?

இன்னொன்றும் உண்டு. செல்போனில் நாம் என்ன கேட்கிறோம் என்பது எங்கேயோ பதிவாகிறது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து எதைக் கேட்டார் என்று எந்தக் கம்பெனிக்கும் எந்த அரசாங்கத்துக்கும் தெரியாது.

சிற்றலையும் கற்பக விருட்சம் அல்ல. அதே அலைவரிசையில் இரைச்சலை ஏற்றி அமுக்கலாம். சோவியத் நாடு பல வருஷம் அதைச் செய்தது. பிரசாரமும் உண்டு, பொய்யும் உண்டு. ஒரே ஒரு நாட்டின் குரல் மட்டும் மிஞ்சினால், ஒன்றுமே இல்லாததைவிட அது மோசமாகவும் போகலாம். பலர் பேசியதுதான் அதன் பலம். அதனால்தான் ஒவ்வொன்றாக மூடும்போது, மிச்சம் இருப்பவர்களின் பேச்சையும் சேர்த்து நம்ப முடியாமல் போகிறது.

நம் அரசாங்கத்திடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. கடல் கடந்து எத்தனை தேசத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்! அவர்களுக்காகத் தினம் அரை மணி நேரம் சிற்றலையில் தமிழ் ஒலிக்கட்டும். லாபக் கணக்கு பார்க்கவேண்டாம். உங்களிடம் கேட்க இன்னொன்று. வீட்டில் டார்ச், மெழுகுவர்த்தியோடு ஒரு சின்ன ரேடியோவும் வைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் கஜா புயலில் டெல்டா ஊர்கள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அப்படி ஒரு நாளில் இரண்டு செல் போதும்.

அக்கா இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போகும்போது, "இனி எனக்கெதுக்குத் தம்பி, நீங்க வச்சுக்கோங்க" என்று இதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் செட்டிபாளையம் ரோட்டுக் கடையில் செல் வாங்கி வந்து போட்டோம். ஒன்பதே காலுக்கு மருமகன்தான் திருகினான். பொட்டு இருந்த இடத்தில் வெறும் இரைச்சல். கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒரு பெண் குரல், என்ன மொழி என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை, எழுந்து எழுந்து அமுங்கியது. அவன் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"யாருக்குங்க மாமா சொல்றாங்க இது?" என்றான்.

யாராவது ஒரு அக்கா கேட்டுக்கொண்டிருப்பார் என்றேன்.

துடைக்கும்போது பொட்டை மட்டும் எடுத்துவிடாதே என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.